அடித்தால்தான் படிப்பு வருமா? ஸ்ரீரங்கம் யானை நடத்தும் பாடம்!

ஸ்ரீரங்கம் ரங்கநாதர் கோயில் யானை ஆண்டாள், மவுத் ஆர்கன் வாசிக்கும் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு யானைக்கு இப்படியொரு வித்தையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? புத்தகம் கொடுக்க முடியாது. விளக்கிச் சொல்லவும் முடியாது. ஒரு செயலைச் செய்ததும் அதற்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் விலங்குக்குப் புரியும் மொழி.

இந்த மொழியை ஆராய்ந்ததுதான் உளவியலில் 'நடத்தையியல்'. பி.எட் படிப்பவர்களுக்கும் டெட் தேர்வு எழுதுபவர்களுக்கும் பாவ்லவ், தார்ன்டைக், ஸ்கின்னர் பெயர்கள் மனப்பாடம். ஆனால், இவர்கள் அதிகம் தேவைப்படுவது, மாலையில் ஹோம்வொர்க் நோட்டோடு மல்லுக்கட்டும் பெற்றோருக்குத்தான்!

மணி அடித்தால் பசிக்கும்!

1904-ல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ், நாய்க்கு உணவு தரும் முன் ஒவ்வொரு முறையும் ஓர் ஒலியை எழுப்பினார். போகப்போக, அந்த ஒலியைக் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறியது. பள்ளியில் மதிய மணி அடித்ததும் பிள்ளைகளுக்குப் பசிப்பதும் இப்படித்தான்.

ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. கணக்கு பீரியட் என்றாலே பிரம்பு, திட்டு என்று பழகிய குழந்தைக்கு, கணக்கு நோட்டைப் பார்த்தாலே வயிறு கலங்கும். வாங்கிய அடி மறந்தாலும், கணக்கு மீதான பயம் போகாது.

பிரம்பு கற்றுத்தருவது என்ன?

பரிசும் தண்டனையும் நமக்குப் புதிதல்ல. அன்றைய சென்னை மாகாணத்தின் பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல், 1823-ல் அங்குள்ள பள்ளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள். இரண்டாவது வருபவனுக்குச் சுழியம். மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு அடி என்று ஏறிக்கொண்டே போகும்!

'அடியாத மாடு படியாது' என்பார்கள். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் இதை ஏற்கவில்லை. தண்டனை ஒரு செயலைத் தற்காலிகமாக அடக்கும். சரியானதைக் கற்றுத்தராது என்றார். அடிக்குப் பயந்த பிள்ளை நன்றாகக் கற்றுக்கொள்வது, மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்பதைத்தான். ராங்க் கார்டை ஒளித்துவைப்பதும் அதில் ஒன்று!

தமிழ்நாட்டில் பள்ளிகளில் உடல்ரீதியான தண்டனை 2003-லேயே தடை செய்யப்பட்டது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடுக்கிறது.

ஸ்கின்னர் பார்த்த வகுப்பு

1953-ல் தன் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார் ஸ்கின்னர். போட்ட விடை சரியா, தவறா என்று பிள்ளைகளுக்கு உடனே தெரியவில்லை. முடித்தவர்கள் சும்மா இருந்தார்கள், முடிக்காதவர்கள் திணறினார்கள். அடுத்த ஆண்டே, பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, விடையை உடனுக்குடன் சொல்லும் 'கற்பிக்கும் இயந்திர'த்தைக் காட்டினார்.

நம் ஊரிலும் இதற்கு நெருக்கமான ஒன்று நடந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, பிறகு திருச்சி உட்பட மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல்தான் அது. ரிஷி வேலி பள்ளி முறையைப் பார்த்து உருவானது என்றாலும், அட்டைகள், கற்றல் ஏணி, அவரவர் வேகம் எல்லாம் ஸ்கின்னர் கேட்டவைதான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* வாய்ப்பாடு முழுவதையும் ஒரே நாளில் கேட்காதீர்கள். ஐந்து வரி போதும்.
* சரியாகச் செய்ததும் அப்போதே சொல்லுங்கள். ராத்திரி சொல்லும் பாராட்டுக்குப் பலம் குறைவு.
* 'குட்' என்பதைவிட, 'கடன் வாங்கிக் கழித்தது சரியா இருக்கு' என்று செயலைக் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள்.
* அழுதால் போன் கிடைக்கும் என்றால், அழுகையைத்தான் பழக்குகிறீர்கள்!

சாக்லேட்டுக்கும் அளவு உண்டு

1973-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு. ஓவியம் வரைவதில் ஆசையுள்ள மழலையரில் சிலரிடம், 'வரைந்தால் பரிசு' என்று முன்பே சொல்லி, பரிசும் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அவர்களுக்குத்தான் வரையும் ஆர்வம் குறைந்திருந்தது!

எனவே, பிள்ளை தானாக ரசித்துச் செய்வதற்கு விலை வைக்காதீர்கள். தயங்கும் இடத்தில் மட்டும் பரிசு கொடுத்து, மெல்ல நிறுத்திவிடுங்கள். இன்று நோட்டைத் திறந்ததும், தப்பான விடையை வட்டமிடுவதற்கு முன் சரியான ஒன்றைத் தேடிப்பிடித்துச் சொல்லிப் பாருங்களேன்!