மடிக்கணினி மக்கர் செய்தால்...

டைப்ரைட்டிங் 'ஹையர்' சான்றிதழோடு தாதரில் ரயிலிறங்கிய தலைமுறைக்கு, எழுத்துக் கம்பி சிக்கினால் விரலால் விலக்கிவிடத் தெரியும். அவர்கள் பிள்ளைகளின் மடிக்கணினியில் அந்த வசதி கிடையாது. ஒரு விசை மக்கர் செய்தாலும், மாதக் கடைசியில் லாமிங்டன் ரோடுக்கு ஓட வேண்டியிருக்கிறது.

ஓடுமுன் சற்றுப் பொறுப்பது நல்லது. சில சிறிய கணினிகளில் 'ஜே' தட்டினால் 1, 'கே' தட்டினால் 2 என்று விழும். அது பழுதே அல்ல; 'நம்லாக்' போடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இதற்குக் கூலி கொடுப்பது வீண் தண்டம்.

உண்மையிலேயே பழுதா என்றறிய, ஆபீசில் சும்மா கிடக்கும் யுஎஸ்பி விசைப்பலகை ஒன்றைச் செருகிப் பார்க்கலாம். அதில் எழுத்துகள் சரியாக விழுந்தால், கோளாறு பெரும்பாலும் உள்ளிருக்கும் பலகையில் அல்லது அதன் பட்டை வயரில். சம்பள நாள் வரை அந்த வெளிப்பலகையைக் கொண்டே வேலையை ஓட்டிவிடலாம். கடன் வாங்கிப் புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை. பல மாடல்களில் பலகை மேல்மூடியோடு சேர்ந்தே வருவதால் செலவு கூடும். விலையை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

டீ கொட்டிவிட்டால் மட்டும் இந்தப் பொறுமை கூடாது. உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கவிழ்த்து வைக்க வேண்டும். மும்பையின் கட்டிங் சாயாவில் சர்க்கரைக்குக் குறைவில்லை, விசைகள் ஒட்டிக்கொள்ளும். ஈரம் காயுமுன் போட்டுப் பார்த்தாலோ, மதர்போர்டும் சேர்ந்து போய்விடக்கூடும்.