ஒரு குழாய் ரத்தம் எவ்வளவு சொல்லும்?

1990-ல் டெக்னோபார்க் ஐ.டி. வளாகம் வருவதற்கு முன்பு திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்தில் ஒருவருக்கு நுரையீரலில் புற்று என்று சந்தேகம் வந்தால், மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1981-ல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி.தான் கதி. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்து நம் ஆட்கள் ரயிலேறிப் போனதும் அங்கேதான். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, பிராங்காஸ்கோப்பி, பிறகு ஊசி குத்திச் சதை எடுப்பது. எக்ஸ்ரே நிழலைக் காசநோய் என்று நம்பி மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிவிட்டு, முற்றிய பிறகு வந்தவர்களும் உண்டு.

ரத்தத்தில் பார்க்க அன்று இருந்தது சி.இ.ஏ. 1965-ல் மாண்ட்ரியலில் பில் கோல்டும் சாமுவேல் ஃபிரீட்மனும் பெருங்குடல் புற்றில் கண்டுபிடித்த புரதம் அது. சிகரெட் பிடிப்பவருக்கு நோயில்லாமலே ஏறும்; நோயுள்ள சிலருக்கு ஏறவே ஏறாது. பின்னால் சைஃப்ரா 21-1, என்.எஸ்.இ., ப்ரோ-ஜி.ஆர்.பி. என்ற புற்றுக் குறியீடுகள் வந்தன. என்.எஸ்.இ. சிவப்பணுவுக்குள்ளும் இருக்கிறது. ரத்தம் எடுக்கும்போது அணு உடைந்துவிட்டால் எண் எகிறும். ஒரு குடும்பமே தூக்கமிழக்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு ப்ரோ-ஜி.ஆர்.பி.யும் கூடும். சிகிச்சை பலிக்கிறதா என்று கவனிக்க இவை உதவும். நோயை உறுதி செய்யச் சதைதான் வேண்டும்.

இன்று ரத்தத்திடம் கேட்கும் கேள்வியே வேறு. சாகும் புற்றணுக்கள் தங்கள் டி.என்.ஏ. துணுக்குகளை ரத்தத்தில் விடுகின்றன. 2004-ல் நுரையீரல் புற்றில் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் தெரியவந்தது; 2016-ல் அதை ரத்தத்திலேயே கண்டறியும் சோதனைக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. எந்த மாத்திரை கேட்கும் என்பதை அது சொல்லும். மருந்து கேட்காமல் போனதும் தளர்ந்துபோன நெஞ்சில் மறுபடி ஊசி குத்தாமல், மருந்தை எதிர்க்கும் டி790எம் மாற்றம் வந்திருக்கிறதா என்று பார்க்க முடிவது பெரிய ஆறுதல். ஆனால் ரத்தத்தில் தென்படவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. அப்போது சதைக்கே திரும்ப வேண்டும். கட்டி சிறிதாக இருக்கையில் துணுக்கும் சொற்பம்.

சி.இ.ஏ. இரு பக்கமும் ஏமாற்றக்கூடியது என்பதால்தான் முழு உடல் பரிசோதனை 'பேக்கேஜ்'களில் அதைச் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஐ.டி. வேலையிலிருக்கும் இளைஞர் எண் சற்றுக் கூடியதென்று நடுங்குவார். பீடியை விடாத அவருடைய அப்பா எண் சரியாக இருக்கிறதென்று இருமலைத் தள்ளிப்போடுவார். எனக்கு அதிகம் பயம் தருபவர் அந்த அப்பாதான். நெடுநாள் புகைத்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்தால் நுரையீரல் புற்றால் வரும் சாவு 20 சதவீதம் குறையும் என்று 2011-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. சி.இ.ஏ.க்கு அப்படி ஒரு சான்று கிடையாது.