தொழுவத்தில் ஒரு குடித்தனம்

கதை என்றதும் அரசிளங்குமரியும் அவளைக் காக்க வரும் வீரனும் நம் நினைவுக்கு வருவார்கள். அடுப்படியில் நிற்கும் தாய்க்கும் ஒரு கதை உண்டென்று எழுதியவர் அமெரிக்க எழுத்தாளர் மேரி வில்கின்ஸ் ஃப்ரீமன் (1852–1930). உள்ளதை உள்ளபடி எழுதும் யதார்த்த நெறி அந்நாட்டில் வேரூன்றி வந்த காலம் அது.

அவருடைய ‘அன்னையின் கிளர்ச்சி’ 1890-இல் வெளியாயிற்று. சாரா பென் ஒரு குடியானவரின் மனைவி. புது வீடு கட்டித் தருவதாகக் கணவர் சொல்லி நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. வீட்டுக்கென்று குறித்த அதே இடத்தில் இப்போது இன்னொரு மாட்டுத் தொழுவம் எழும்புகிறது. மகளுக்கோ கல்யாணம் நெருங்குகிறது! சாரா கணவரை அழைத்து உட்கார வைத்து, ஓர் அறை விடாமல் காட்டி நியாயம் கேட்கிறாள். அவரிடமிருந்து பதில் இல்லை.

அவர் குதிரை வாங்க வெளியூர் சென்ற சமயம், தட்டுமுட்டுச் சாமான்களோடு புதுத் தொழுவத்திற்கே குடிபோகிறாள் சாரா. ஊர் வாயை மெல்லுகிறது. புத்தி சொல்ல வந்த போதகரிடமும், ஜெபித்து யோசித்துத்தான் செய்தேன் என்கிறாள். திரும்பி வந்த கணவர் வியப்பில் வாயடைத்து நிற்கிறார். சாரா அவருக்குப் பிடித்த உணவைப் பரிமாறுகிறாள். சாப்பிட்டு முடித்துத்தான் அவர் அழுகிறார்.

கோபத்திலும் அவள் சமையலை நிறுத்தவில்லை, மேடைப் பேச்சும் பேசவில்லை. கணவரும் கொடியவரல்லர், கவனியாதவர், அவ்வளவே. பெண்ணுரிமை பேச வந்த பல கதைகளில் காணாத உண்மை இது.

ஆனால் 1917-இல் ஃப்ரீமனே இக்கதையைக் குறைகூறினார்; எந்தக் குடியானவர் மனைவிக்கும் அந்தத் துணிச்சல் வராது, ஆகவே இது பொய்க்கதை என்றார். எனக்கு இது முழுதும் ஏற்புடையதாக இல்லை. குடிபெயர்ந்தது கற்பனையாகவே இருக்கட்டும். அந்த இடுக்கமான அறைகளும் பதில் சொல்லாத மௌனமும் கற்பனையா? ஃப்ரீமனின் குடும்பமே நொடித்துப்போய், 1877-இல் ஒரு போதகரின் இல்லத்தில் ஒண்டிக் குடியிருந்தது. அவருடைய தாயார் அங்கே வீட்டுப் பணி பார்த்தார்.

இக்கதை 1891-இல் வந்த ‘ஒரு நியூ இங்கிலாந்து கன்னியாஸ்திரீ’ என்ற தொகுப்பில் உள்ளது. தலைப்பைக் கண்டு நம் சகோதரிகள் ஏமாற வேண்டாம்! அந்தத் தலைப்புக் கதையின் லூயிசா மடத்தில் சேரவே இல்லை. பதினான்கு ஆண்டுகள் காத்திருந்த மாப்பிள்ளையைச் சண்டையின்றி அனுப்பிவிட்டு, தையல் ஊசியோடு தன் வீட்டில் தனியே அமைதியாக வாழ்கிறாள்.