அங்கே அவர் எனக்கு யார்?

நவம்பர் பிறந்துவிட்டால் நம் பங்குகளின் கல்லறைத் தோட்டங்கள் புது முகம் பெறுகின்றன. புல்லைச் செதுக்கி, கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு பூசி, செவ்வந்தி மாலை சார்த்தி, பொழுது சாயும் வேளையில் குடும்பத்தோடு மெழுகுதிரி ஏற்றி நிற்கிறார்கள் நம் மக்கள். இறந்தவர் அழிந்து போய்விடவில்லை என்னும் விசுவாசத்தை அன்று அவர்கள் வாயால் அறிக்கையிடுவதில்லை; கைகளால் அறிக்கையிடுகிறார்கள்.

2022-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், அத்தகைய கல்லறை ஒன்றின் அருகே மூதாட்டி ஒருவர் நெடுநேரம் அமர்ந்திருக்கக் கண்டேன். கணவரை அடக்கம் செய்து அப்போது ஓராண்டுகூட நிறையவில்லை. நாற்பத்தெட்டு ஆண்டுகள் இணைந்து வாழ்ந்தவர்கள். நான்கு நாள் கழித்து, பொதுக்காலத்தின் 32-ஆம் ஞாயிறு வந்தது. அன்றைய நற்செய்தி லூக்காஸ் 20-ஆம் அதிகாரம். ஏழு சகோதரரை ஒருவர்பின் ஒருவராக மணந்த பெண் உயிர்த்தெழும்போது யாருக்கு மனைவியாவாள் என்று சதுசேயர் ஆண்டவரை மடக்கப் பார்க்கின்றனர். மறுவுலகில் திருமண உறவு இல்லை என்பது ஆண்டவரின் மறுமொழி.

திருப்பலி முடிந்து வெளியே வந்த என்னை அந்த அம்மையார் வழிமறித்தார். "சாமி, அப்படின்னா அங்கே போனா அவரு எனக்கு யாரு?" என்றார்.

ஞானஸ்நானத்திற்குக் குழந்தையோடு ஒரு குடும்பம் காத்திருந்தது. நான் அவசரத்தில், "அங்கே கணவன், மனைவி என்பதெல்லாம் கிடையாது, அம்மா. எல்லாரும் சம்மனசுகளைப்போல இருப்பார்கள்" என்று சொல்லி நகர்ந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு படியிறங்கிப் போனார். அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் அவரைக் கோவிலில் காணோம்.

நான் சொன்னது பொய்யன்று. ஆயினும் அது பாதி உண்மை. அப்பம் கேட்டவருக்குக் கல்லைக் கொடுத்துவிட்டேன் என்று என் மனச்சான்று உறுத்தியது. விண்ணகத்தைக் குறித்து ஒரு கிறிஸ்தவர் எதை உறுதியாய் நம்பலாம், எதை நம்மால் சொல்ல முடியாது என்பதை எனக்கே தெளிவுபடுத்திக்கொள்ளும் பொருட்டு, குருமடத்தில் கற்றவற்றை மீண்டும் புரட்டலானேன். அதன் பயனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சித்திரங்களும் அவற்றின் பொருளும்

மோட்சம் என்றதும் மேகங்களும், பொன் வீதிகளும், யாழ் மீட்டும் சம்மனசுகளும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. திருவெளிப்பாட்டின் 21-ஆம் அதிகாரமோ, பன்னிரு முத்துக்களால் ஆன பன்னிரு வாயில்களைக் கொண்ட நகரொன்றைக் காட்டுகிறது. அதன் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவு. இக்கால அளவையில் ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். இத்துணை உயரமான நகர் எங்கே நிற்கும் என்று கணக்குப் பார்ப்பவர் அந்நூலின் உட்பொருளைத் தவறவிடுகிறார்.

பழைய ஏற்பாட்டைத் திருப்பிப் பார்ப்போம். சாலமோன் கட்டிய ஆலயத்தில் திருத்தூயகம் என்னும் உள்ளறை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இருபது முழமாக அமைந்திருந்தது. அந்தத் திருத்தூயகத்திற்குள் தலைமைக் குரு ஒருவர் மட்டுமே, அதுவும் ஆண்டுக்கு ஒரு நாள் மட்டுமே நுழையலாம் என்பது சட்டம். இப்போது அந்த வடிவமே ஒரு முழு நகராக விரிந்திருக்கிறது! ஒருவர் ஒரு நாள் நுழைந்த இடத்தில் மீட்கப்பட்டோர் அனைவரும் என்றென்றும் குடியிருப்பர் என்பதன்றோ இதன் பொருள்? ஆகவேதான் அந்நகரில் தனியாக ஓர் ஆலயம் இல்லை என்கிறார் காட்சி கண்டவர். பொன்னும் முத்தும் உவமைகள். இறைவனோடு இடைவெளியின்றி வாழ்தலே அவை உணர்த்தும் உண்மை.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1999-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் தம் பொது மறையுரையில் இதனைத் தெளிவுபடுத்தினார். விண்ணகம் மேகங்களிடையே உள்ள ஓர் இடமன்று; வெறுங்கருத்துமன்று; மூவொரு இறைவனோடு நாம் கொள்ளும் உயிருள்ள, தனிப்பட்ட உறவே அது என்பது அவர் உரையின் சாரம்.

திருச்சபை உறுதியாய்ச் சொல்பவை

முதலாவது, நாம் இறைவனை நேருக்கு நேர் காண்போம். இதனைத் திருச்சபை வரையறுத்த வரலாறு நம்மில் பலர் அறியாதது. 1331-ஆம் ஆண்டு அனைத்துப் புனிதர் திருநாளன்று, அவினியோன் நகரில் திருத்தந்தை 22-ஆம் அருளப்பர் ஒரு மறையுரை ஆற்றினார். புனிதர்களின் ஆன்மாக்களும் இறுதித் தீர்ப்பு நாள்வரை இறைவனை முகமுகமாய்க் காண்பதில்லை என்னும் தம் சொந்தக் கருத்தை அதில் வெளியிட்டார். இறையியலார் பலர் எதிர்த்தனர். அவரும் 1334 டிசம்பரில், இறப்பதற்கு முந்திய நாள், அக்கருத்தைக் கைவிட்டார். அவருக்குப்பின் வந்த 12-ஆம் பெனடிக்ட் 1336-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் கோட்பாட்டை வரையறுத்தார்: இறையருளில் இறந்து, தூய்மை பெற வேண்டியிருப்பின் அத்தூய்மையும் பெற்றவர்கள், உலக முடிவுவரை காத்திராமல் இறைவனை நேருக்கு நேர் காண்கின்றனர். நாம் இறந்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பதும் இந்த நம்பிக்கையின் பேரிலேயே.

இரண்டாவது, உடலின் உயிர்ப்பு. நமக்குக் கிடைத்துள்ள ஒரே மாதிரி உயிர்த்த ஆண்டவரே. அவர் ஆவியன்று, சீடரோடு உணவருந்தினார். அதே வேளையில் பூட்டிய கதவுகள் அவரைத் தடுக்கவில்லை. கைகளில் காயங்கள் இருந்தன. அவை இப்போது வலியின் அடையாளங்கள் அல்ல, அன்பின் அடையாளங்கள். சிலுவையில் இறந்தவரும் அவரே, உயிர்த்தவரும் அவரே; எனினும் முன்போல் அல்லர். நம் உயிர்ப்பையும் இவ்வழியிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, புனிதர்களின் உறவு ஒன்றிப்பு. ஆண்டவரில் துயில்கொண்டோருக்கும் நமக்கும் உள்ள உறவு சாவினால் அறுபடுவதில்லை, மாறாக உறுதிப்படுகிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தில் 1964-ஆம் ஆண்டு கற்பித்தது.

இவற்றுக்கப்பால் நாம் தன்னடக்கம் காக்க வேண்டும். 1979-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் உரோமைத் திருப்பீடத்தின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட மடல், மறுவாழ்வைக் கற்பனையால் சித்திரிக்க வேண்டாம் என எச்சரித்து, இரண்டை மட்டும் பற்றிக்கொள்ளச் சொல்கிறது. கிறிஸ்துவில் நாம் இங்கே வாழும் வாழ்வுக்கும் அங்கே வாழவிருக்கும் வாழ்வுக்கும் தொடர்ச்சி உண்டு, அன்பே அத்தொடர்ச்சி. அதே வேளையில் பெரியதொரு மாற்றமும் உண்டு. அதனை நம் சிந்தனை எட்டாது.

நான் கவனியாமல் போன மூன்று பெயர்கள்

இவ்வாறு படித்துக்கொண்டு வந்தவன், அம்மையாரைக் கலங்கச் செய்த அந்த நற்செய்திப் பகுதியையே மீண்டும் எடுத்தேன். எத்தனையோ முறை அதைப்பற்றி மறையுரை ஆற்றியவன், அன்றுதான் ஒன்றைக் கண்டேன்.

திருமணம் அங்கே இல்லை என்று சொன்ன ஆண்டவர், அதற்குக் காரணமும் சொல்கிறார்: அங்கே சாவு இல்லை. சாவு உள்ள உலகில் தலைமுறை தழைக்க மணமும் மகப்பேறும் வேண்டும். சாவற்ற இடத்தில் அத்தேவை இல்லை. தேவை ஒழிந்தது என்றாரேயன்றி, அன்பு ஒழிந்தது என்று அவர் சொல்லவில்லை. மேலும், திருமணம் ஓர் அருட்சாதனம். கிறிஸ்து திருச்சபைமீது கொண்ட அன்பின் அடையாளம். அடையாளம் சுட்டிய பொருள் கைவந்தபின் அடையாளத்திற்கு வேலையில்லை. ஆனால் அந்த அடையாளத்தினூடே இருவர் கற்றுக்கொண்ட அன்பு, பொறுமை, மன்னிப்பு ஆகியவை எங்கே போகும்? யாவும் ஒழிந்தாலும் அன்பு ஒழியாது என்பதே புனித சின்னப்பரின் போதனை.

அதன்பின் ஆண்டவர் சொல்வதைக் கவனியுங்கள். இறைவன் வாழ்வோரின் கடவுள் என்று எண்பிக்க, மோயீசனுக்கு வெளிப்படுத்தப்பட்ட மூன்று பெயர்களை எடுத்துக்காட்டுகிறார்: ஆபிரகாம், ஈசாக், யாக்கோபு. தந்தை, மகன், பேரன்! பெயரற்ற ஆன்மாக்களின் கூட்டத்தை அவர் காட்டவில்லை. ஒரு குடும்பத்தையே காட்டுகிறார். பெயரோடும் உறவோடும் அவர்கள் இறைவன் முன்னிலையில் வாழ்கிறார்கள்.

மோனிக்கம்மாளின் கல்லறை

புனித அகுஸ்தினாரின் தாயான மோனிக்கம்மாளும் இதே கவலையைச் சுமந்தவரே. ஆப்பிரிக்காவில் தம் கணவர் பத்திரீசியுஸின் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். அதற்கென இடமும் ஆயத்தம் செய்திருந்தார். 387-ஆம் ஆண்டு, ஊர் திரும்பும் வழியில், ஒஸ்தியாத் துறைமுகத்தில் ஒரு பலகணியருகே நின்று தாயும் மகனும் விண்ணக வாழ்வைப்பற்றி உரையாடினர். சில நாளில் தாய் காய்ச்சலில் விழுந்தார். அப்போது அவர், தம் உடலை எங்கே புதைத்தாலும் கவலையில்லை, பீடத்தின் முன் தம்மை நினைத்தால் போதும் என்றார். அந்நிய மண்ணில் கிடக்க அஞ்சவில்லையா என்று கேட்டவர்களிடம், கடவுளுக்கு எதுவும் தொலைவன்று என்னும் பொருள்பட விடையளித்தார். ஐம்பத்தாறாம் வயதில் அங்கேயே உயிர்நீத்தார். கணவர்மீது கொண்ட அன்பு குறைந்து அவர் அப்படிச் சொல்லவில்லை. இருவரையும் பிடித்திருக்கும் கரம் ஒன்றே என்று அறிந்துகொண்டார்.

மீதியைச் சொல்லப் போனேன்

மூன்றாம் வாரம் அந்த அம்மையாரின் வீட்டிற்குச் சென்றேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கடுங்காப்பி கொடுத்தார். "அம்மா, அன்று பாதியைச் சொல்லிவிட்டு ஓடிவிட்டேன், என்னை மன்னியுங்கள். மீதியைச் சொல்ல வந்திருக்கிறேன்" என்றேன். மேலே எழுதியவற்றை எளிய சொற்களில் எடுத்துரைத்தேன். அங்கே எப்படி இருக்கும், எந்த உருவில் காண்போம் என்று கேட்டார். "தெரியாது, அம்மா" என்றேன். இம்முறை அந்தச் சொல் அவரைக் காயப்படுத்தவில்லை.

சற்று நேரம் கழித்து, "என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரா, சாமி?" என்றார். கல்லறைத் தோட்டத்தில் அழுதுகொண்டு நின்ற மதலேன் மரியாளின் வரலாற்றைச் சொன்னேன். உயிர்த்த ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று எண்ணியவள், அவர் பெயர் சொல்லி அழைத்த நொடியிலேயே அவரை அறிந்துகொண்டாள். உயிர்ப்பின் உலகில் ஒருவரை ஒருவர் அறிவோம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நாப்பத்தெட்டு வருசத்துல ஒரு நாளும் அவரு என் பேரைச் சொன்னதில்ல, சாமி. 'ஏ புள்ள'ன்னுதான் கூப்பிடுவாரு. அங்கேயாவது சொல்லட்டும்" என்றார். அடுத்த ஞாயிறு முதல் வழக்கமான தம் இடத்தில் வந்து அமர்ந்தார்.

அன்பார்ந்த குடும்பத் தலைவர்களே, தலைவியரே! இவ்வுலகில் நாம் கொள்ளும் அன்பே மறுமையில் நாம் பெறும் மகிமைக்கு அளவுகோல். ஆதலின் விண்ணகத்திற்கான ஆயத்தம் நம் வீட்டுத் திண்ணையிலேயே தொடங்குகிறது. இந்த நவம்பரில் கல்லறைகளுக்குச் செல்லும்போது, இறந்தவர்களின் பெயரைச் சொல்லி மன்றாடுங்கள். வீடு திரும்பியதும், உடன் வாழ்பவரையும் ஒருமுறை அன்போடு பெயர் சொல்லி அழையுங்கள். அதற்குக் கல்லறைத் திருநாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை.