பிடுங்கிய குழியிலேயே புதுப்பல்

பல்லைப் பிடுங்கியதும் ரத்தம் உறையும் முன்பே, அதே குழியில் செயற்கைப் பல்லைத் தாங்கும் டைட்டானியம் திருகை (இம்ப்ளான்ட்) இறக்கிவிடலாம். ஈறை இன்னொரு முறை கீற வேண்டாம், மாதக்கணக்கில் பல் போன இடைவெளியோடு திரிய வேண்டாம். கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் நாள்பட நிற்குமா?

1965இல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் முதல் நோயாளிக்கு டைட்டானியம் பதித்த பெர் இங்வார் பிரோனிமார்க், பொறுமைக்காரர். குழி எலும்பாகி மூடிய பிறகே திருகு. அதன்பின் கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் கடிக்கும் பாரமே கூடாது என்பது அவர் வகுத்த முறை. அந்த முதல் நோயாளியின் திருகுகள் 40 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தன. 1970களில் ஜெர்மனியின் டூபிங்கனில் ஷுல்ட்டே என்பவர், பீங்கானால் செய்த உடனடி இம்ப்ளான்ட்டோடு அந்தப் பொறுமையைக் கேள்விக்குள்ளாக்கினார்.

சிக்கல் திருகில் இல்லை, சுவரில் இருக்கிறது. முன்பற்களில் உதட்டுப் பக்கத்து எலும்புச் சுவர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன் உட்புற அடுக்கு பல்லுக்காகவே உண்டானது. பல்லைப் பிடித்திருக்கும் நார்களை நம்பிப் பிழைப்பது. பல் போனால் நாரும் போகும், அதன் வழியே வந்த ரத்தமும் நின்றுபோகும், சுவர் கரையும். உடனே திருகை வைத்தால் சுவர் தப்பும் என்று பலரும் நம்பியிருந்தார்கள். 2005இல் அராவுஜோ, லிண்டே என்ற ஆய்வாளர்கள் அதை நாய்களில் சோதித்துப் பார்த்தார்கள். திருகு இருந்தும் சுவர் இறங்கியது. எலும்போடு திருகு இறுகிப் பிடித்திருக்க, மேலே ஈறு ஏறிப்போய்ச் சிரிக்கும்போது பல் நீண்டு தெரிவது இதனால்தான். ‘விழவில்லை’ என்பதை வெற்றிக் கணக்கில் சேர்ப்பது எனக்கு ஒப்பவில்லை.

ஒற்றைப் பல் இம்ப்ளான்ட் ஆய்வுகளைத் திரட்டி 2019இல் வெளியான அலசலில், உடனே பதித்தவற்றில் சுமார் 95 சதவீதம் நிலைத்தன. காத்திருந்து பதித்தவற்றில் 99. தோற்றவை எல்லாம் தொடக்கத்திலேயே, எலும்பு பற்றும் முன்பே தோற்றவை.

ஆகவே கையாளும் விதம் முக்கியம். வேர் நுனியைத் தாண்டியும் எலும்பு இருந்தால்தான் திருகுக்கு முதல் நாளே பிடிப்பு கிடைக்கும். அதை அண்ணப் பக்கம் சற்றுத் தள்ளி வைத்து, முன்னால் விழும் இடைவெளியை எலும்புத் துகளால் நிரப்புகிறார்கள். சீழ் பிடித்த குழி, சுவர் உடைந்த குழி, புகைப்பழக்கம், கட்டுக்குள் வராத சர்க்கரை என்றால் அவசரம் ஆகாது. அப்போதும் பழைய மாதக்கணக்கு கட்டாயமில்லை. நான்கிலிருந்து எட்டு வாரம் போதும் என்பார்கள். எலும்பு மூடும்வரை அல்ல, ஈறு மூடும்வரை.