செத்தாத்தான் ஆபீசர் வருவார்

வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லில் வேலை பார்க்கிறவர் இப்படிச் சொன்னால் நாம் விரக்தி என்று எடுத்துக்கொள்கிறோம். விரக்தி இல்லை. சட்டப் பிரதியைச் சரியாக வாசித்தவரின் பேச்சு அது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஆய்வாளர் ஆலைக்குள் நுழையலாம், எந்திரத்தைச் சோதிக்கலாம் என்றது. 88ஆம் பிரிவோ, விபத்தில் சாவு என்றால் அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்றது. இந்த 'லாம்'முக்கும் 'வேண்டும்'முக்கும் இடையில்தான் தொழிலாளியின் உயிர் கிடந்தது. வந்தவர் பல்சக்கரத்துக்கு மூடி இருந்ததா என்று பார்ப்பார். கண் சொக்கிப்போன ராத்திரி ஷிப்டு பதிவேட்டில் ஏறியிருந்தால்தான் அவருக்குத் தெரியும். இச்சட்டப்படி வழக்குப் போடும் உரிமையும் (105ஆம் பிரிவு) ஆய்வாளருக்கோ அவரிடம் எழுத்துமூல அனுமதி பெற்றவருக்கோ மட்டும்தான். கை போனவர் அதில் சாட்சியாகலாம். தானே வழக்காட முடியாது.

ஆய்வாளர்களைக் கூட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள் தோழர்கள் சிலர். பாதிதான் ஒப்புக்கொள்ள முடிகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் வெடித்த பட்டாசு ஆலையில் முன்பே சோதனை நடந்திருந்தது. விதிமீறலுக்காக உரிமமும் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. வேலை நடந்தது. செத்தது ஏறத்தாழ 40 பேர், உதவிக்கு ஓடிவந்த ஊர்க்காரர்களும் அதில் உண்டு. ஆறு நாள் கழித்துக் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலை எரிந்து 250 பேருக்கு மேல் மாண்டார்கள். சில வாரம் முன்னர்தான் அந்த ஆலைக்கு எஸ்.ஏ.8000 சான்றிதழ் கிடைத்திருந்தது. அங்கே பார்த்தது அரசு இல்லை, தனியார் தணிக்கை. சிவகாசியில் கண் பார்த்தது, கை நீளவில்லை. கராச்சியில் கண்ணே பார்க்கவில்லை.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம். ஆய்வாளர் இனி 'ஆய்வாளரும் வசதி செய்து தருபவரும்'. (யாருக்கு வசதி என்று கேட்கத் தோன்றுகிறது.) மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்தது 20 ஆயிற்று; மின்சாரம் இல்லாத இடத்தில் 20, 40 ஆயிற்று. நம்ம ஊர்ப் பூட்டுப் பட்டறைகளில் பல பழைய கணக்கிலேயே சேராதவை. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டுச் செய்கிற விரலுக்கு ஆய்வாளர் கிடைக்கவில்லை.

இதே மாவட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. 2021 ஜனவரியில் ஒரு பெண் தொழிலாளி கொலையுண்டதை அடுத்து, 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடு தொழிற்சங்கம் போட்ட 'திண்டுக்கல் ஒப்பந்தம்'. அது பாலியல் வன்முறை பற்றியது, பல்சக்கரம் பற்றியதல்ல. ஆனால் தளத்தில் வேலை செய்யும் பெண்களே கண்காணிப்பவர்களாகப் பயிற்சி பெற்றார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது விதி. மீறினால் துணி வாங்கும் கம்பெனிகள் வியாபாரத்தை வைத்து நெருக்க வேண்டும். இந்த முறையை எந்திர விபத்துக்கு நீட்டிப்பது மில்லில் சாத்தியம்தான். பூட்டுப் பட்டறைக்கு அப்படி நெருக்குகிற வெளிநாட்டுக் கம்பெனி கிடையாது. அங்கே எதிர்க் கையெழுத்துப் போடப்போவது யார்?