இரத்தக் கொதிப்பு: மாத்திரையை நிறுத்தலாமா?

கோலார் தங்கவயலில், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்று குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அங்குள்ள சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. அவ்வாழத்தில் உழைத்தோர் பெரிதும் அஞ்சியது பாறை வெடிப்பை. பாறைக்குள் அழுத்தம் ஓசையின்றித் திரளும். கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. ஒருநாள் திடீரென்று வெடிக்கும்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட இரத்தக் கொதிப்பும் அத்தன்மையதே. பெரும்பாலோர்க்கு வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்து, பிறகு பக்கவாதமாகவோ, மாரடைப்பாகவோ, சிறுநீரகச் சிதைவாகவோ வெளிப்படும். கருவியால் அளந்தாலன்றி இதனை அறிய இயலாது. வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் காணுமாயின் வைத்தியரை நாட வேண்டும்.

இந்நோய்க்கு இன்று நம் நாட்டு அரசு மருத்துவ நிலையங்களில் பெரிதும் வழங்கப்படும் மாத்திரைகளுள் ஒன்று அம்லோடிபின். இது கால்சியம் தடுப்பி என்னும் வகையைச் சார்ந்தது. பெயரைக் கேட்டவுடன், “கால்சியத்தைத் தடுத்தால் எலும்பு தேயாதோ? பாலை விலக்க வேண்டுமோ?” என்று சிலர் ஐயுறக்கூடும். அவ்வச்சம் வேண்டுவதில்லை.

நம் தமனிகளின் சுவரில் தசைகள் உள்ளன. அத்தசை அணுக்களின் மேற்பரப்பில், ஏரியின் மதகு போன்ற மிக நுண்ணிய வழிகள் உண்டு. அவை திறந்து கால்சியம் உட்புகுந்தால் தசை சுருங்கும், குழாய் குறுகும், அழுத்தம் ஏறும். மாத்திரை அம்மதகுகளிற் பலவற்றை மூடிவைக்கிறது. தசை தளர்ந்து, குழாய் விரிந்து, அழுத்தம் இறங்குகிறது. இதயத் துடிப்பிற்குக் கால்சியம் இன்றியமையாதது என்பதை 1883-இல் லண்டனில் சிட்னி ரிங்கர் என்பார் காட்டினார். அதன் வரவைத் தடுக்கும் மருந்துகளை 1960-களில் ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் பிளெக்கன்ஸ்டைன் இனங்கண்டார்.

அளவு இறங்கியதும், “நோய் தீர்ந்தது” என்று மாத்திரையை நிறுத்திவிடுவோர் பலர். தங்கவயலின் வரலாற்றிலேயே இதற்கு விடை உண்டு. சுரங்கங்களில் ஊறிய நீரை இயந்திரங்கள் இடைவிடாது இறைத்துவந்தன. 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டன, இறைப்பு நின்றது, குழிகளில் நீர் நிறைந்தது. முன்பு நீர் மட்டம் தாழ்ந்திருந்தது இறைப்பினால். ஊற்றுக்கண் அடைபட்டதனால் அன்று. மாத்திரையின் செயலும் அத்தகையதே. அதனை விட்டால் சில நாட்களில் அழுத்தம் மெல்ல ஏறிவிடும். உடனே துன்பம் தோன்றாமையால், உடல் நலமாயிருப்பதாக மயங்குவது எளிது.

இம்மருந்தின் வேலை ஒரு நாளைக்கு மேலும் நீடிப்பதால், தினம் ஒருமுறை உண்டால் போதும். முழுப் பயன் தெரிய ஓரிரு வாரங்கள் ஆகும். உணவுக்கு முன்னும் உண்ணலாம், பின்னும் உண்ணலாம். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்பும் தொழிலாளர், பல் துலக்கியவுடன் உண்ணும் வழக்கத்தை மேற்கொண்டால் மறதி நேராது. ஒருநாள் மறந்துவிட்டால், மறுநாள் இரண்டாகச் சேர்த்து உண்ணலாகாது.

சிலர்க்குக் கணுக்கால் வீங்கும். சிறுநீரகம் கெட்டுவிட்டதென்று அஞ்சி அவர்கள் மருந்தைக் கைவிடுவதுண்டு. நுண் தமனிகள் விரிவதால் நீர் கசிந்து தேங்குவதே பெரும்பாலும் இவ்வீக்கத்திற்குக் காரணம். எனினும் வேறு நோயாலும் கால் வீங்கலாம்; ஆகவே தாமே முடிவு செய்யாமல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். அவர் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்தைச் சேர்ப்பார், அல்லது மாற்றுவார். தலைவலி, முகம் சிவத்தல், ஈறு தடித்தல் முதலியன தோன்றினும் அவ்வாறே.

மாநிலம் விட்டு மாநிலம் செல்வோர் ஒன்றைக் கருத்தில் இருத்த வேண்டும். கம்பெனிதோறும் மருந்தின் வணிகப் பெயர் மாறும். அம்லோடிபின் என்னும் மூலப்பெயர் மாறாது. அப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள். இல்லையேல், ஒரே மருந்தை இரு பெயர்களில் இருமுறை உண்ண நேரலாம். ஊருக்குப் புறப்படுமுன் தங்கும் நாட்களுக்கு வேண்டிய மாத்திரைகளை எண்ணி எடுத்துச் செல்லுங்கள்.

மருந்தோடு உப்பையும் குறைத்தல் வேண்டும். நாளொன்றுக்கு எல்லா உணவிலும் சேர்ந்து 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் நன்று. ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பும் இக்கணக்கில் சேரும்.

அடுத்த முறை அளந்து பார்க்கையில் 130/80 என்று கண்டால் மகிழுங்கள். மாத்திரை தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அதுவே சான்று. மறுநாள் காலையிலும் அதனை மறவாது உண்ணுங்கள்.